ஓட்டுப் போட ஊருக்குப் போக வேண்டுமா? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது

மழைக்குருவி | 12 ஏப்ரல் 2024, இரவு 11.40

அடுத்த வெள்ளி ஓட்டு. வியாழன் ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்து ஒரு மாதம் ஆகிறது. இப்போது அதை ரத்து செய்துவிடலாமா என்று நாலு நாளாக யோசிக்கிறேன்.

எனக்கு 32 வயது. அம்பத்தூரில் கணக்கு எழுதுகிற வேலை. ஓட்டு மட்டும் இன்னும் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில், விருதுநகர் தொகுதியில் இருக்கிறது. 2011-இல் முதல் ஓட்டு போட்டதிலிருந்து ஒன்றையும் விட்டதில்லை. மையைக் காட்டி போட்டோ எடுத்துப் போட்ட ஆள்தான் நான்.

போன வாரம் அம்மா போன் செய்தார். எங்களுக்கு மாமா முறை ஆகிற ஒருவர், கட்சிக்காரர், உறை கொண்டுவந்து கொடுத்தாராம். தலைக்கு 300. வீட்டில் மூன்று ஓட்டு, அதாவது எனக்கும் சேர்த்து. அப்பாவிடம் சாமி படத்தைத் தொட்டுச் சத்தியமும் வாங்கிக்கொண்டார். போகும்போது, "எண்ணும்போது நம்ம தெருவுல எத்தன விழுந்துச்சுன்னு தெரிஞ்சுரும் மச்சான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அப்பாவுக்குப் பிப்ரவரியிலிருந்து ஒரு வீட்டு மனுவும் அம்மாவுக்கு நூறு நாள் வேலையும் நிலுவையில் இருக்கின்றன. அந்தச் சிரிப்பு எதற்கு என்று அவர்களுக்குப் புரிகிறது.

நான் ஊரில் கால் வைப்பதற்கு முன்பே என் ஓட்டு விற்றாகிவிட்டது. அதுதான் தொண்டையில் நிற்கிறது. இதோடு போன மாதம், எந்தக் கட்சிக்கு யார் எவ்வளவு நன்கொடை கொடுத்தார்கள் என்ற தேர்தல் பத்திரப் பட்டியல் வெளியானபோது ராத்திரி ஒரு மணி வரை போனில் அதைப் படித்துக்கொண்டிருந்தேன். மேலே கோடிக்கணக்கில், கீழே 300. நடுவில் வரிசையில் நின்று நான் என்ன செய்யப்போகிறேன்? தூக்கம் போய்விட்டது. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு ஓட்டுக்கு இப்படி ஆவது எனக்கு மட்டும்தானா?

யாருக்குப் போடலாம் என்று மட்டும் சொல்ல வேண்டாம். அது கேள்வியே இல்லை.

---

நெட்டைக்கொக்கு | 12 ஏப்ரல், இரவு 11.58

டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுத் தூங்குங்கள். நான் வேளச்சேரி. 2014-க்குப் பிறகு போடவில்லை. வானம் இடிந்து விழவில்லை, எனக்கு பி.பி.யும் இல்லை.

---

பழைய சிலேட்டு | 13 ஏப்ரல், காலை 5.20

அம்மா மழைக்குருவி, நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியன். 1989-லிருந்து ஏறக்குறைய எல்லாத் தேர்தலிலும் பணி பார்த்தவன். பாதி சர்வீஸ் ஓட்டுச்சீட்டில் போயிற்று, பாதி எந்திரத்தில்.

அந்த மாமா சொன்னது பாதி பொய், பாதி உண்மை. பொய்யை முதலில் சொல்கிறேன். நீங்கள் உள்ளே போனதும் முதல் அலுவலர் பட்டியலில் பெயரைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பார். கட்சி ஏஜெண்டுகள் தங்கள் பட்டியலில் டிக் அடிப்பார்கள். இரண்டாமவர் மை வைத்து 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்குவார். மூன்றாமவர் தன் முன்னால் இருக்கும் பெட்டியில் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் மறைப்புக்குள் இருக்கும் எந்திரத்தில் பச்சை விளக்கு வரும். நீங்கள் வந்தீர்கள், போட்டீர்கள் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். எதை அழுத்தினீர்கள் என்பது அந்த அட்டை மறைப்புக்கு வெளியே யாருக்கும் தெரியாது. எந்திரம் கடைசியில் காட்டுவது கூட்டுத்தொகையை மட்டும்தான்.

உண்மைப் பாதி: அந்தக் கூட்டுத்தொகை பூத் வாரியாகத் தெரியும். தெரு வாரியாக இல்லை, பூத் வாரியாக. உங்கள் பூத்தில் பல நூறு பேர் இருப்பார்கள். அதில் உங்கள் வீட்டு மூன்றைப் பிரித்து எடுக்க எந்த மாமனாலும் முடியாது.

சீட்டுக் காலத்தில் ஒன்று பார்த்தேன். ஒரு பண்ணையார் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வயலில் வேலை பார்க்கிற பெரியவர் ஒருவர் மறைப்புக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. வந்து பெட்டியில் போடப் பார்க்கிறார், சீட்டு உள்ளே போகவில்லை. அவ்வளவு சிறிதாக, எட்டு மடிப்பாக மடித்து ஒரு கட்டியாக்கி வைத்திருந்தார். குச்சியால் தள்ளித்தான் இறக்கினோம். விழுந்துவிட்டதா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியைத் தாண்டிப் போனார்.

---

மழைக்குருவி | 13 ஏப்ரல், காலை 8.05

சார், நன்றி. ஆனால் பூத் வாரியாகத் தெரியும் என்று நீங்களே சொன்னது புதுப் பயத்தைக் கிளப்பிவிட்டது. எங்கள் பூத் முழுக்கக் குறைந்தால் ஊரையே ஒதுக்குவார்கள் அல்லவா?

---

49ஓ | 13 ஏப்ரல், காலை 10.31

நியாயமான பயம். பழைய விதியில் தேவைப்பட்டால் பல பூத்துச் சீட்டுகளைக் கலந்து எண்ண இடம் இருந்தது, எந்த ஊர் எப்படிப் போட்டது என்று தெரியாமல் இருக்க. எந்திரம் வந்ததும் அது போய்விட்டது. இதைச் சரிசெய்ய டோட்டலைசர் என்று ஒரு கருவி இருக்கிறது. 14 பூத் எந்திரங்களை ஒன்றாக இணைத்து மொத்தத்தை மட்டும் காட்டும். தேர்தல் ஆணையம் 2008-இல் பரிந்துரைத்தது, சட்ட ஆணையமும் 2015 அறிக்கையில் வேண்டும் என்றது, மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. எந்த பூத்தில் பலவீனம் என்று தெரிந்துகொள்வது கட்சிக்கு வேண்டுமாம்.

நோட்டாவைப் பற்றியும் யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், என் பெயரே அதனால் வந்ததுதானே. 49ஓ என்ற விதிப்படி முன்பு "யாருக்கும் போடவில்லை" என்பதை அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லிப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும். ஏஜெண்டுகள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் 2009-இல் அதைச் செய்தேன். தலைமை அலுவலருக்கு அப்படி ஒரு விதி இருப்பதே தெரியவில்லை, புத்தகத்தைப் புரட்டவைத்தேன், வரிசை நின்றுபோயிற்று, பின்னால் இருந்த பாட்டி என்னைத் திட்டினார். உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரில் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் நோட்டா பொத்தான் வந்தது. ரகசியம் கிடைத்தது, ஆனால் பல் கிடையாது. எல்லோரையும் விட நோட்டா அதிகம் வாங்கினாலும் அடுத்து நிற்கிற வேட்பாளர்தான் எம்.பி.

இன்னொன்று. வருடக்கணக்கில் அம்பத்தூரில் குடியிருந்தால் ஓட்டும் அங்கேதான் இருக்க வேண்டும். படிவம் 8 கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். இந்தத் தேர்தலுக்கு முடியாது, அடுத்ததற்கு.

---

நெட்டைக்கொக்கு | 13 ஏப்ரல், மதியம் 1.15

அதாவது: ஓட்டு ரகசியம், ஆனால் முழுக்க இல்லை. நோட்டா உண்டு, ஆனால் பயன் இல்லை. காசு கொடுப்பது குற்றம், ஆனால் கொடுக்கிறார்கள். இவ்வளவுக்கும் 500 கிலோமீட்டர் பயணம்.

---

49ஓ | 13 ஏப்ரல், மதியம் 1.40

வாங்குவதும் குற்றம்தான். ஓர் ஆண்டு வரை சிறை. 2016-இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் எம்.பி. தேர்தல் என்று பணத்துக்காகத் தேர்தலையே நிறுத்தியிருக்கிறார்கள். மழைக்குருவி, தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் படம் எடுத்துப் போட்டால் நூறு நிமிடத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று இருக்கிறது.

---

மழைக்குருவி | 13 ஏப்ரல், மதியம் 2.10

எதைப் படம் எடுப்பது? உப்பு ஜாடிக்குக் கீழே இருக்கிற உறையையா, சத்தியம் செய்த அப்பாவையா?

எங்கள் தொகுதிக்குள்தான் திருமங்கலமும் வருகிறது. 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு "ஃபார்முலா" என்று ஊர் பெயரையே ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்னாலும் காசு இருந்ததுதான், பெயர்தான் இல்லை.

---

கொடிவேரிக்காரி | 14 ஏப்ரல், மாலை 4.22

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லோருக்கும். சும்மா படித்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன், வாய் சும்மா இருக்கவில்லை.

வெறுத்துப்போவது எப்படி என்று எங்கள் ஈரோட்டுக்காரர்களிடம் கேளுங்கள். 1996 சட்டசபைத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1033 பேர் நின்றார்கள். எங்கள் பாட்டுக்குக் கத்துகிறோம், யாரும் காது கொடுக்கவில்லை என்று விவசாயிகள் கூட்டமாகப் போய் மனுத் தாக்கல் செய்துவிட்டார்கள். ஓட்டுச்சீட்டு புத்தகமாக வந்தது. என் சித்தப்பாவும் ஒரு வேட்பாளர். ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, "எம்பேரு எந்தப் பக்கத்துல இருக்குதுன்னே கண்டுபிடிக்க முடியலீங்க, பொறத்தாண்ட வேற ஆளுக நிக்கறாங்க, கெடச்சதுல குத்தீட்டு வந்துட்டனுங்க" என்றார். சொந்த ஓட்டுகூட அவருக்கு விழவில்லை. சித்தி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அதற்கப்புறம் டெபாசிட் தொகையை ஏற்றிவிட்டார்கள், மறுபடி யாரும் அப்படிச் செய்ய முடியாதபடி. அதனால் பிரயோஜனம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன், இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு மாதம் சித்தப்பா நல்லாத் தூங்கினார்.

---

நெட்டைக்கொக்கு | 14 ஏப்ரல், மாலை 5.03

இதுதான் இந்த இழையிலேயே உருப்படியான பதில். சரி, ஒரே கேள்வி. ஒரு ஓட்டால் யாராவது தோற்றிருக்கிறார்களா?

---

49ஓ | 14 ஏப்ரல், மாலை 5.20

இருக்கிறார்கள். 2004-இல் கர்நாடகா சந்தேமரஹள்ளி. 2008-இல் ராஜஸ்தான் நாத்துவாரா, அங்கே சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார்.

---

நெட்டைக்கொக்கு | 14 ஏப்ரல், மாலை 5.24

இத்தனை வருடத்தில், இத்தனை ஆயிரம் தொகுதியில் இரண்டு. நம் பெண்ணுக்குத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது லாபம்.

---

பனங்காய்ப்பணியாரம் | 15 ஏப்ரல், இரவு 9.47

நான் யாழ்ப்பாணம். உங்கள் தேர்தலில் எனக்கு வாக்கு இல்லை. ஆனாலும் "போடாமல் விட்டால் என்ன" என்ற இடத்தில் ஒரு கதை இருக்கிறது, தங்கச்சி.

2005 நவம்பர் 17, ஜனாதிபதித் தேர்தல். எனக்கு அப்போது 20 வயது, முதல் வாக்கு. புலிகள் பகிஷ்கரிக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கள் பாடசாலைதான் வாக்குச்சாவடி. மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். அதிகாரிகள் மேசையில் பேப்பர் விரித்து வாசித்துக்கொண்டு இருந்தார்கள். ஒரு நாய் வாசலில் படுத்திருந்தது. மாவட்டம் முழுக்க நூற்றுக்கு இரண்டு பேர்கூடப் போடவில்லை. மகிந்த ராஜபக்ச வென்றது ஒரு லட்சத்து எண்பதாயிரம் சொச்சம் வாக்கால்.

எதிர்த்து நின்றவர் வென்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அதைப் பற்றி எங்கட ஆட்கள் இன்னும் அடிபடுகினம். நான் சொல்வது வேறு. நெட்டைக்கொக்கு அண்ணா போடாமல் இருக்கிறார், அது அவருடைய முடிவு. அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். நான் போடாமல் இருந்தது என்னுடைய முடிவு இல்லை. இரண்டும் வெளியில் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். உங்களுக்கு வயிற்றைக் கலக்குவது ஓட்டாலா, அந்த மாமாவாலா என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள்.

---

மழைக்குருவி | 15 ஏப்ரல், இரவு 11.30

மாமாவால்தான்.

டிக்கெட்டை இன்னும் ரத்து செய்யவில்லை.

---

மழைக்குருவி | 20 ஏப்ரல், காலை 9.12

போய் வந்தேன். இன்னும் ஊரில்தான் இருக்கிறேன்.

வியாழன் ராத்திரி கிளாம்பாக்கத்தில் நிற்க இடமில்லை. மூன்று நாள் சேர்ந்தாற்போல விடுமுறை, எல்லோரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். என் பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதம். பக்கத்து சீட் அக்கா இராஜபாளையம், அவரும் ஓட்டுப் போடத்தான் வந்தார். "பிள்ளையப் பாத்த மாதிரியும் ஆச்சு" என்றார். அவருக்கு வயிறு கலக்கின மாதிரி தெரியவில்லை, திருச்சி தாண்டுவதற்குள் இரண்டு பொட்டலம் பூரி முடித்துவிட்டார்.

காலை பதினொன்றுக்கு அம்மாவும் நானும் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. நான் ஐந்தாவது படித்த பள்ளிக்கூடம், அதே அறை. கரும்பலகையில் ஓரமாக யாரோ பிள்ளை எழுதிய வாய்ப்பாடு பாதி அழியாமல் இருந்தது. மாமா வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "மெட்ராஸ்ல இருந்து வந்துட்டியாம்மா, சந்தோசம்" என்றார். கை நடுங்கியது. மை வைக்கிற அலுவலர் என் விரலைப் பிடித்து நிறுத்தித்தான் கோடு போட்டார்.

சார் சொன்ன மாதிரியே எல்லாம். பச்சை விளக்கு வந்தது. நான் எதிர்பார்க்காத ஒன்று, அந்த அட்டை மறைப்புக்குள் அவ்வளவு அமைதி. வெளியே பேச்சுச் சத்தம் கேட்கிறது, ஆனால் அங்கே நான் மட்டும்தான். அழுத்தினேன். பக்கத்துப் பெட்டிக் கண்ணாடியில் சீட்டு ஏழு விநாடி நின்றது, விழுந்தது. நீளமாக ஒரு பீப். அவ்வளவுதான். வெளியே வந்தபோது பசித்தது.

திரும்பி நடக்கும்போது அம்மாவிடம் கேட்டேன், "அப்பா சத்தியம் பண்ணிருக்காரே, நீ என்ன செஞ்ச?" அம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு சொன்னார்: "சத்தியம் பண்ணுனது ஒங்கப்பா. நான் எங்க பண்ணுனேன்? கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருசமாச்சு, யாருக்குப் போட்டேன்னு ஒங்கப்பாவுக்கே நான் ஒரு தடவ சொன்னதில்ல. ஒனக்கா சொல்லுவேன்?"

முப்பத்தைந்து வருடம்! இந்தப் பெண்மணி அப்பாவைக் கேட்காமல் ஜாக்கெட் துணி எடுத்து நான் பார்த்ததில்லை.

---

பழைய சிலேட்டு | 20 ஏப்ரல், காலை 9.40

உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். பதிவேட்டில் ரேகை வைத்துவிட்டு மறைப்புக்குள் போகும் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். உள்ளே என்ன நினைத்தார்கள் என்று எனக்கும் தெரியாது.

---

நெட்டைக்கொக்கு | 20 ஏப்ரல், காலை 10.05

எல்லாம் சரி. நேற்று சாயங்காலம் தமிழ்நாட்டில் 72 சதவீதம் என்றார்கள். ராத்திரி விடிவதற்குள் 69 ஆகிவிட்டது. மத்திய சென்னையில் 67 என்று சொன்னது 54-ஐக்கூட எட்டவில்லை. எண்ணவே தெரியாதவர்களிடம் போய் ரகசியம் பேசுகிறீர்கள்.

---

பழைய சிலேட்டு | 20 ஏப்ரல், காலை 10.32

முதலில் சொன்னது செயலி வழியாகச் சில பூத்துகளிலிருந்து வந்த உத்தேசக் கணக்கு. உண்மைக் கணக்கு 17சி படிவத்தில் இருக்கும், ஏஜெண்டுகளுக்கே கையெழுத்துப் போட்டு நகல் கொடுப்பார்கள். ஆனால் உத்தேசத்தை அவசரப்பட்டு அறிவித்தது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். அந்த மாதிரி தப்புகளால்தான் மக்களுக்குச் சந்தேகம் வருகிறது.

வேளச்சேரியில் எத்தனை சதவீதம் என்று நான் கேட்கவில்லை, கொக்காரே.

---

49ஓ | 5 ஜூன் 2024, காலை 7.50

46 நாள் காத்திருந்து நேற்று ஒரு வழியாக முடிந்தது. மழைக்குருவி எங்கே? விருதுநகர் முடிவைப் பார்த்ததும் இந்த இழைதான் ஞாபகம் வந்தது. மாணிக்கம் தாகூர் 3,85,256. விஜய பிரபாகரன் 3,80,877. வித்தியாசம் 4,379. அடுத்து, மும்பை வடமேற்கில் வெறும் 48.

நோட்டாவுக்கு ஒரு குறிப்பு: இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் மனுவை வாபஸ் வாங்கியதால், ஆத்திரத்தில் 2,18,674 பேர் நோட்டாவை அழுத்தியிருக்கிறார்கள். அங்கே பா.ஜ.க. வேட்பாளர் பல லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். சூரத்தில் அந்தப் பொத்தானே தேவைப்படவில்லை, போட்டியின்றி முடிந்துவிட்டது.

---

மழைக்குருவி | 5 ஜூன், இரவு 10.15

இருக்கிறேன். நேற்று ஆபீஸில் வேலையே ஓடவில்லை. முன்னிலை மாறிக்கொண்டே இருந்தது. மதியம் டப்பாவைத் திறக்காமலே மூடினேன். வயிற்றுக் கலக்கம் போய்விட்டது என்று நினைத்தது தப்பு. ஆனால் இது வேறு மாதிரிக் கலக்கம், கிரிக்கெட் கடைசி ஓவர் மாதிரி. முடிவு பிடித்ததா என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அம்மா வழி.

இன்றைக்குச் சாயங்காலம் அப்பா போன் செய்தார். மாமா எண்ணும் இடத்தில் குறித்துக்கொண்டு வந்த தாளோடு வீட்டுக்கு வந்தாராம். "நம்ம பூத்துல எதிர்பார்த்தது விழலயே மச்சான், நாப்பது அம்பது கொறையுது" என்றாராம். அப்பா நிஜமாகவே திகைத்துப்போய், "நான் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டவன்யா" என்று சொல்லிவிட்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். அம்மா அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லி உள்ளே போய்விட்டாராம்.

வீட்டு மனு என்ன ஆகும் என்று தெரியவில்லை. அதுதான் இப்போது கவலை.

---

கொடிவேரிக்காரி | 5 ஜூன், இரவு 10.21

பால் பொங்கீருக்கும் 😄

---

நெட்டைக்கொக்கு | 5 ஜூன், இரவு 10.34

4,379-ஐப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்த உறைக் காசு என்ன ஆயிற்று?

---

மழைக்குருவி | 5 ஜூன், இரவு 10.40

கேஸ் சிலிண்டர். என் பங்கைத் தனியாக எடுத்துக் கோயில் உண்டியலில் போடச் சொன்னேன். அதற்கு அம்மா, "சாமிக்கு எதுக்குடி இந்தக் காசு" என்றுவிட்டார்.